உடற்பயிற்சி, தசை, அசைவு: பிசியோதெரபி ஆராய்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பிசியோதெரபிஸ்டாகப் பணியாற்றும் என்னிடம் வலியோடு வருபவர்களும், அவர்களைக் கைபிடித்து அழைத்துவரும் பிள்ளைகளும், இந்தத் துறையில் படிக்கும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இயன்முறை மருத்துவம் என்ற நல்ல சொல் இருந்தாலும், எல்லோர் வாயிலும் வழங்குவது பிசியோதெரபி என்பதால் அதையே பயன்படுத்துகிறேன்.

பிசியோதெரபியில் ஆராய்ச்சி என்கிறார்களே, எதை ஆராய்கிறார்கள்?

ஒரு பயிற்சியின்போது தசைக்குள் என்ன நடக்கிறது என்பது ஒரு கேள்வி. மூட்டுகள் எந்தக் கோணத்தில், எவ்வளவு விசையோடு அசைகின்றன என்பது அடுத்த கேள்வி. அந்தப் பயிற்சியைச் சில வாரங்கள் செய்த மனிதருக்கு வலி குறைந்ததா, முன்பு முடியாத வேலை இப்போது முடிகிறதா என்பது மூன்றாவது. முதல் இரண்டு கேள்விகளுக்கு ஆய்வகத்தில் ஒரே பிற்பகலில் விடை கிடைத்துவிடும். மூன்றாவதற்கு மாதக்கணக்கில் பலரைப் பின்தொடர வேண்டும். அதனால் முதல் இரண்டின் விடையையே மூன்றாவதின் விடையாக எடுத்துக்கொண்டு, ‘இந்தப் பயிற்சியில் தசை அதிகம் வேலை செய்கிறது, ஆகவே வலிக்கு இதுவே மருந்து’ என்று முடிவு கட்டும் வழக்கம் படித்தவர்களிடமும் இருக்கிறது. இத்துறையில் நான் மிகுதியாகக் காணும் தவறு இதுதான். கீழே வரும் பதில்கள் பலவும் இதைத் தொட்டே செல்லும்.

தசை வேலை செய்வதை வெளியிலிருந்து எப்படி அறிகிறார்கள்?

நரம்பின் கட்டளை வந்து சேர்ந்ததும் தசை இழைகளின் மேல் ஒரு சிறு மின்மாற்றம் ஓடுகிறது. தோலின் மேல் ஒட்டிய மின்முனைகள் வழியே அதைப் பதிவதே இ.எம்.ஜி. எனப்படும் தசை மின்பதிவு. அந்தக் குறி மிகச் சிறியது. சில மைக்ரோவோல்ட்டில் தொடங்கும் அது, முழுப் பலத்தோடு இறுக்கினாலும் ஒரு சில மில்லிவோல்ட்டைத் தாண்டுவதில்லை. தோலின் மேல் கிடைப்பதில் பயனுள்ள பகுதி ஏறத்தாழ 20 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் அடங்குவதால், நொடிக்கு ஆயிரம் முறையாவது அளவெடுக்கும் கருவி இதற்குத் தேவைப்படுகிறது.

கெண்டைக்கால் தசையில் பதிவெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ரோமத்தை மழித்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் தோல் லேசாகச் சிவக்கும்வரை துடைத்து, ஈரம் உலர்ந்த பிறகு, இழைகள் ஓடும் திசையிலேயே இரண்டு மின்முனைகளை ஒட்டுகிறோம். இரண்டின் மையங்களுக்கும் இடையே 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஆய்வாளர்கள் 1990களில் வகுத்த செனியம் பரிந்துரை. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் சிறிது நேரத்திலேயே வியர்வை ஊறி ஒட்டுப்பட்டையின் ஓரம் எழும்பத் தொடங்கும். அப்படி எழும்பிய மின்முனை காட்டுவது தசையின் குறியா, ஆடுகிற கம்பியின் குறியா என்று பிரித்தறிவது எளிதல்ல. போதாக்குறைக்கு, சுவரிலுள்ள மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அதே எல்லைக்குள் வந்து கலக்கும். அச்சிட்ட கட்டுரையில் அழகான கோடாகத் தெரியும் ஒவ்வொரு பதிவுக்குப் பின்னாலும் இவ்வளவு கைவேலை இருக்கிறது என்பதை மாணவர்கள் மறந்துவிடக் கூடாது.

அசைவை அளப்பதற்கு உடலில் ஒட்டிய குறிகளைப் பல கேமராக்கள் ஒரே நேரத்தில் பின்தொடர்கின்றன. தரையில் பதித்த விசைத்தட்டு, கால் ஊன்றும் விசையைச் சொல்கிறது. சாதாரண நடையின் ஒரு சுற்றில் ஏறத்தாழ 60 விழுக்காட்டு நேரம் கால் தரையில் ஊன்றியும், 40 விழுக்காட்டு நேரம் காற்றில் வீசியும் இருக்கிறது என்பது இத்தகைய அளவைகளால் உறுதிப்பட்டது.

மின்பதிவு அதிகமாகக் காட்டும் பயிற்சியே சிறந்த பயிற்சி அல்லவா?

அப்படிச் சொல்ல முடியாது. மின்பதிவின் உயரம், தசை உண்டாக்கும் விசைக்கு நேரான அளவுகோல் அல்ல. மின்முனை ஒரு விரற்கடை நகர்ந்தாலும், தோலுக்கடியில் கொழுப்பு கூடுதலாக இருந்தாலும், பக்கத்துத் தசையின் குறி கசிந்து வந்தாலும், தசை களைத்துப்போனாலும் எண் மாறும். ஆகவே ஒருவரின் எண்ணை மற்றவரின் எண்ணோடு அப்படியே ஒப்பிடாமல், அவரவர் முழுப் பலத்தோடு இறுக்கும்போது கிடைக்கும் அளவில் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுகிறார்கள். வலி உள்ளவர் முழுப் பலத்தையும் காட்டத் தயங்குவார் என்பதால், அந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்வதும் நீண்டுகொண்டே வேலை செய்வதும் ஒன்றல்ல. குடத்தைத் தூக்கும்போது புயத்தின் முன்தசை சுருங்குகிறது. அதே குடத்தை மெல்ல இறக்கும்போது அதே தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்குகிறது. தாங்கும் பாரம் ஒன்றே ஆனாலும் இறக்கும்போது மின்பதிவு குறைவாகவே இருக்கும். செலவாகும் ஆக்சிஜனும் குறைவு. 1952ஆம் ஆண்டில் ஆபட், பிக்லாண்ட், ரிச்சி என்ற மூவர் இங்கிலாந்தில் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி ஒரே சங்கிலியால் இணைத்து, ஒருவரை முன்னோக்கி மிதிக்கவும் மற்றவரை அந்த மிதியை எதிர்த்துத் தடுக்கவும் செய்தார்கள். இருவர் காலிலும் விசை ஒன்றுதான். ஆனால் தடுப்பவர் குறைந்த மூச்சிலேயே சமாளித்துவிட்டார். குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அக்கிலீஸ் தசைநாணில் வலி உள்ளவர்களை, படியின் ஓரத்தில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெல்லக் கீழிறக்கச் செய்யும் பயிற்சியில், தசை இப்படி நீண்டபடிதான் உழைக்கிறது. ஆல்ஃப்ரட்சன் குழுவினர் 1998இல் சுவீடனில் இதை, பொழுதுபோக்காக ஓடும் 15 பேருக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வலியால் ஓட்டத்தை நிறுத்தியிருந்தவர்கள் மீண்டும் ஓடத் தொடங்கினார்கள். மின்பதிவின் உயரத்தை மட்டும் பார்த்துப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பவர் இந்தப் பயிற்சியைக் கடைசி வரிசையில் தள்ளியிருக்கக்கூடும்.

குனிந்தே வேலை செய்கிறேன். குறுக்கு வலிக்கு முதுகுத் தசை பலவீனம்தான் காரணமா?

நின்ற நிலையிலிருந்து மெல்லக் குனியும்போது முதுகெலும்பின் இருபுறமும் உள்ள தசைகள் உடலைப் பிடித்துக்கொண்டே இறக்குகின்றன. ஆனால் முழுவதுமாகக் குனிந்த நிலையை எட்டியதும் அந்தத் தசைகளின் மின்பதிவு ஏறக்குறைய அடங்கிப்போகிறது. பாரத்தைத் தசைநார்களும் பின்புறத்து இழைகளும், முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுகளும் (டிஸ்க்) ஏற்றுக்கொள்கின்றன. ஃபுளோய்டும் சில்வரும் 1950களில் விளக்கிய இந்த அடங்கல், குறுக்கு வலி நாட்பட்ட பலரிடம் நிகழ்வதில்லை. குனிந்த நிலையிலும் அவர்களுடைய முதுகுத் தசை இறுகியபடியே இருக்கிறது. பலவீனம் என்று நாம் எண்ணும் இடத்தில், ஓய்வெடுக்க மறந்துபோன ஒரு தசை இருக்கலாம். அத்தகையவருக்கு ‘இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு’ என்று சொல்லிக் கொடுப்பது என் அனுபவத்தில் நன்மை செய்ததில்லை. அஞ்சாமல் குனிந்து நிமிரப் பழக்குவது உதவியிருக்கிறது.

இந்த மாவட்டத்தின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுபவர்களைக் கவனித்திருந்தால் ஒன்று புரியும். ஒட்டுக்கன்று மரத்தில் வெட்டு தரையிலிருந்து ஏறத்தாழ 125 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் பட்டையில் ஒரு மெல்லிய சீவல் போவதால் வெட்டுக்கோடு ஆண்டுதோறும் கீழே இறங்கிக்கொண்டே வரும். முதலாண்டில் நெஞ்சுக்கு நேராகக் கத்தி பிடித்தவர், சில ஆண்டுகளுக்குப் பிறகு அதே மரத்தில் இடுப்பை மடக்கி, முழங்காலை வளைத்து, கழுத்தை மட்டும் நிமிர்த்தியபடி பக்கவாட்டில் நகர்ந்து வெட்டுகிறார். ‘போன வருசம் இந்த வலி இல்லையே’ என்று ஒரு தொழிலாளி என்னிடம் சொன்னபோது, அவர் உடம்பில் என்ன மாறியது என்றுதான் நான் தேடிக்கொண்டிருந்தேன். மாறியது வெட்டின் உயரம் என்பதை அவரே சொல்லிப் புரியவைத்தார்.

பாரம் தூக்கும்போது முதுகை நேராக வைத்து முழங்காலை மடக்கச் சொல்கிறார்களே, அது உண்மையில் உதவுமா?

வட்டின் மேல் விழும் அழுத்தத்தை மட்டும் பார்த்தால் உதவுகிறது. 1999இல் ஜெர்மனியில் வில்க்கே குழுவினர், முன்வந்த ஒருவருடைய இடுப்பு முதுகெலும்பின் வட்டுக்குள் அழுத்தமானியைப் பொருத்தி அளந்தபோது, மல்லாந்து படுத்தால் 0.1 மெகாபாஸ்கல், தளர்ந்து நின்றால் 0.5, முதுகை வளைத்து 20 கிலோ தூக்கினால் 2.3, முழங்காலை மடக்கித் தூக்கினால் 1.7, அதே பாரத்தை உடலோடு அணைத்துப் பிடித்தால் 1.1 என்று கிடைத்தது. அளந்தது ஒரே ஒரு மனிதரில் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இன்னொரு பக்கம், பாரம் தூக்கும் முறையைத் தொழிலாளர்களுக்குக் கற்பித்த ஆய்வுகளைத் திரட்டி 2011இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட திறனாய்வு, அப்படிக் கற்பிப்பதால் முதுகுவலி வராமல் தடுக்கப்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. அழுத்தம் குறைவதும் வலி வராமலிருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பாரத்தை உடலோடு ஒட்டிப் பிடியுங்கள் என்று நானும் சொல்கிறேன். அதைச் செய்தால் வலியே வராது என்று உறுதி கொடுப்பதில்லை.

தலையில் மீன் சுமந்து விற்கும் பெண்களுக்குக் கழுத்து தேய்ந்துவிடுமா?

சும்மாட்டின் மேல் கடவத்தை ஏற்றி, கை விடாமலே கடற்கரையிலிருந்து ஊருக்குள் நடந்துவரும் பெண்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தக் கேள்வியில் தனி அக்கறை உண்டு. 1986இல் மலோய் குழுவினர் நேச்சர் இதழில், கென்யாவின் லுவோ, கிக்கூயு பெண்கள் தம் எடையில் 20 விழுக்காடு வரையிலான சுமையைத் தலையில் வைத்து நடக்கும்போது கூடுதல் ஆற்றல் செலவாகவில்லை என்று எழுதினார்கள். நடக்கும்போது உடலின் எடைமையம் ஏறி இறங்கும் ஊசலாட்டத்தை அவர்கள் மற்றவர்களைவிடச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது பின்னர் தரப்பட்ட விளக்கம். தென்னாப்பிரிக்காவில் கோசா பெண்களிடம் செய்த பிந்தைய ஆய்வில் அந்தச் சிக்கனம் எல்லோரிடமும் காணப்படவில்லை. மேலும், ஆற்றல் சிக்கனம் என்பது மூச்சிரைப்பைப் பற்றிய விடையே அன்றி, கழுத்தெலும்பைப் பற்றியது அன்று. சுமை ஏற்கும் பெண்களுக்கு நான் சொல்வது மிக எளிது: கழுத்து வலியோடு கையில் மரத்துப்போதலோ பிடி தளர்வதோ சேர்ந்து வந்தால் காத்திராமல் பரிசோதிக்க வேண்டும், சுமையைத் தலைக்கு ஏற்றவும் இறக்கவும் இன்னொருவர் கை கொடுக்க வேண்டும்.

முட்டு தேய்ந்திருக்கிறது என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். பயிற்சி செய்தால் மேலும் தேயாதா?

இந்த அச்சத்தால் நடையையே விட்டவர்களை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். செயற்கை முழங்கால் மூட்டுக்குள் விசைமானியைப் பொருத்தி பெர்லினில் செய்த அளவைகளின்படி, சமதரையில் நடக்கும்போது மூட்டின் மேல் உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கும், படி இறங்கும்போது மூன்றரை மடங்கு அளவும் விசை விழுகிறது. இந்த எண்ணைக் கேட்டால் அச்சம் கூடத்தான் செய்யும். ஆனால் முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்ட ஏராளமான ஆய்வுகள், பயிற்சியால் வலி குறைவதையும் அன்றாட வேலைத்திறன் கூடுவதையும் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. குருத்தெலும்பு உயிருள்ள பொருள். அளவான பாரம் ஏறி இறங்குவதால்தான் அதற்கு ஊட்டமே போய்ச் சேருகிறது. வண்டிச் சக்கரத்தின் டயரைப்போல் அதை எண்ணுவதுதான் பிழை.

ஒரு பாட்டி வந்தார். திங்கள்சந்தைக்கு நடந்துபோய்க் காய்கறி வாங்கியவர், எக்ஸ்ரே எடுத்த நாளிலிருந்து வாசற்படி தாண்டவில்லை. “மக்களே, இந்த முட்டு இனி தேறுமா?” என்று கேட்டார். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினோம், நான்கு வந்தது. நாற்காலியில் ஒரு தலையணையை வைத்து உயர்த்தி, தினமும் மூன்று தவணை, ஒவ்வொன்றிலும் களைப்பு தெரியும்வரை எழுந்து உட்காரச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துத் தலையணையை எடுத்தோம். மூன்றாம் மாதம் எண்ணிக்கை பத்தானது. எக்ஸ்ரேயில் எந்த மாற்றமும் இருந்திருக்காது; அவர் சந்தைக்குப் போகத் தொடங்கிவிட்டார்.

பயிற்சியின்போது வலி சற்றுக் கூடுவது கெடுதல் அல்ல. மறுநாள் காலைக்குள் வழக்கமான நிலைக்குத் திரும்பிவிட்டால் அளவு சரி. திரும்பவில்லையென்றால் அடுத்த முறை எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டியதில்லை.

எண்பது வயதுக்கு மேல் தசை வளருமா?

வளரும். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபியாட்டரோன் குழுவினர், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரி 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப்பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் இடையில் விலக, முடித்த ஒன்பது பேரின் தொடைப் பலம் சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. தொடைத்தசையின் குறுக்களவு கூடியது 9 விழுக்காடே. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனியுங்கள். தொடக்க வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு, தசை பெருப்பதால் வருவதன்று. இருக்கும் தசையை நரம்பு நன்றாக ஏவக் கற்றுக்கொள்வதால் வருவது. மோரிட்டானியும் டிவ்ரீஸும் 1979இல் மின்பதிவின் துணையோடு இதைக் காட்டினார்கள். இரண்டு வாரம் செய்துவிட்டு, கால் பருமனாகவில்லை என்று விட்டுவிடுபவர்களுக்கு இதை நான் பொறுமையாகச் சொல்வதுண்டு.

பிசியோதெரபி என்று போனால் கரண்ட் வைக்காமல் பயிற்சி மட்டும் சொல்லி அனுப்புகிறார்களே?

கரண்ட் என்று மக்கள் சொல்வது தோலின் மேல் பட்டைகளை வைத்துத் தரும் மின்தூண்டல். வைத்திருக்கும் நேரத்தில் வலி சற்று அடங்கியதுபோல் இருக்கும். ஆனால் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட முதுகுவலி வழிகாட்டல், டென்ஸ், ஐ.எஃப்.டி. என்ற மின்தூண்டல் முறைகளையும் அல்ட்ராசவுண்ட் எனும் ஒலியலைச் சிகிச்சையையும் முதுகுவலிக்குத் தர வேண்டாம் என்றும், பயிற்சியைத் தருமாறும் சொல்கிறது. கரண்ட் வைத்து அனுப்புவது எங்களுக்கும் எளிது, வருபவருக்கும் நிறைவு. பயிற்சி சொல்லிக்கொடுத்து, செய்யவைத்து, திருத்துவதற்கு அரை மணி நேரம் பிடிக்கும். அந்த அரை மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சிவாலய ஓட்டம் ஓடிய மறுநாள் கால் அசைக்க முடியாமல் வலிக்கிறது. லாக்டிக் அமிலம் சேர்ந்ததால்தானே?

மாசி மாதச் சிவராத்திரியை ஒட்டி, முஞ்சிறை அருகே திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று பன்னிரண்டு சிவாலயங்களையும் தொட்டுத் திருநட்டாலத்தில் முடிக்கும் இந்த ஓட்டம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். கையில் விசிறியோடு, வெறுங்காலில், ‘கோவிந்தா கோபாலா’ என்று சொல்லிக்கொண்டு இரவும் பகலுமாக ஓடியும் நடந்தும் முடிக்கிறார்கள். உடலியக்கத்தைப் படிப்பவருக்கு இதைவிடப் பெரிய பாடம் நம் ஊரில் வேறு கிடையாது என்பேன்.

லாக்டிக் அமிலம் என்ற விளக்கம் பல காலமாகப் புழங்கினாலும் ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. வேலை முடிந்த ஓரிரு மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள லாக்டேட் பழைய அளவுக்கு இறங்கிவிடும். வலியோ ஒன்று முதல் மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்கு வருகிறது. 1983இல் ஷ்வேன் குழுவினர் சிலரைச் சமதளத்திலும் சரிவில் கீழ்நோக்கியும் ஓடவைத்துப் பார்த்தபோது, சமதளத்தில் லாக்டேட் உயர்ந்தது, வலி வரவில்லை. சரிவில் லாக்டேட் உயரவில்லை, வலி வந்தது. காரணம், இறக்கத்தில் தொடைத்தசை நீண்டபடியே ஒவ்வொரு அடியையும் தடுத்து நிறுத்த வேண்டியிருப்பதுதான். பழக்கமில்லாத தசையின் நுண்ணிழைகள் அந்த வேலையில் சிதைந்து, பின்பு பழுது பார்க்கப்படுகின்றன. மருந்துவாழ்மலை ஏறி இறங்கியவர்கள் மூச்சு வாங்கியது ஏற்றத்தில் என்றாலும், மறுநாள் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இறக்கத்தின் விளைவு.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. ஒரு முறை இப்படி வலித்த தசை, அடுத்த சில வாரங்களுக்குள் அதே வேலையைச் செய்தால் மிகக் குறைவாகவே வலிக்கும். எனவே சிவராத்திரிக்கு ஓடவிருப்பவர்கள் தை மாதத்திலிருந்தே வாரம் இருமுறை ஏற்ற இறக்கமுள்ள சாலையில் ஓடியோ வேகமாக நடந்தோ பழகினால், ஓட்டத்துக்குப் பிந்தைய நாட்கள் பெரிதும் இலகுவாகும்.

வெறுங்காலில் ஓடுவது நல்லதா?

2010இல் லீபர்மேன் குழுவினர், காலணி அணியாமல் வளர்ந்த ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் ஊன்றுகிறார்கள், அதனால் தரை மோதும் அதிர்ச்சி குறைகிறது என்று எழுதினார்கள். மூன்றாண்டு கழித்து வடக்குக் கென்யாவின் தாசனாச் மக்களிடம் ஆராய்ந்தபோது, வெறுங்காலிலேயே வாழும் அவர்களிலும் பெரும்பாலோர் நிதானமான வேகத்தில் குதிகாலையே முதலில் ஊன்றினார்கள். ஆக, வெறுங்கால் என்ற ஒன்றை வைத்து நடையைத் தீர்மானிக்க முடியாது. வேகம், தரை, பழக்கம் எல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஆண்டு முழுவதும் செருப்போடு நடந்துவிட்டு, அந்த ஓர் இரவில் மட்டும் வெறுங்காலில் தாரில் ஓடுவதுதான் கெண்டைக்காலையும் பாதத்தையும் பாடாய்ப் படுத்துகிறது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் ஓடவே கூடாது.

வர்ம ஆசான்களின் உழிச்சலை ஆராய்ச்சி ஏற்கிறதா?

தசையைப் பிடித்துவிடுவதால் பயிற்சிக்குப் பிந்தைய வலி ஓரளவு தணிகிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்டது. வர்ம முறையின் மற்றக் கூற்றுகளை, எங்கள் பயிற்சிகளைச் சோதிக்கும் அதே தட்டில் வைத்துச் சோதிக்க வேண்டும். கூடுதல் சலுகையும் வேண்டாம், கூடுதல் சந்தேகமும் வேண்டாம். எலும்பு முறிவு இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் எக்ஸ்ரே எடுக்கும்வரை அந்த இடத்தை யாரும் பிடித்துவிடக் கூடாது.

பக்கவாதம் வந்து ஆறு மாதமாகிவிட்டது. கை இனி வருமா?

விரலும் மணிக்கட்டும் சிறிதளவேனும் நிமிர்ந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு. அமெரிக்காவில் 222 பேரோடு நடந்து 2006இல் வெளியான எக்சைட் ஆய்வில், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமானவர்களுடைய நல்ல கையில் உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியும் பலவீனமான கையையே பயன்படுத்தச் செய்தார்கள். இரண்டு வாரப் பயிற்சியில் கிடைத்த முன்னேற்றம் ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்தது. நம் வீடுகளில் நடப்பது நேர்மாறானது: அன்பின் மிகுதியால் ஊட்டிவிடுகிறோம், சட்டை போட்டுவிடுகிறோம். பயன்படாத கை மூளையின் கணக்கிலிருந்து நழுவிப்போகிறது. மருத்துவமனைக்கு வர இயலாதவர்கள், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி கிடைப்பதை அறிந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

ஓர் ஆய்வை நம்பலாமா என்று எப்படி முடிவு செய்வது?

ஒப்பிடும் குழு இருந்ததா என்று முதலில் பாருங்கள். புதிதாக வரும் குறுக்கு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். ஆகவே ‘நாற்பது பேருக்குக் கொடுத்தோம், முப்பது பேருக்குக் குறைந்தது’ என்பது எதையும் மெய்ப்பிக்காது. எந்தக் குழுவில் யார் என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டதா, வலியை அளந்தவருக்கு அது தெரியாமல் இருந்ததா என்பன அடுத்தவை. வலி குறைந்தது என்றால் எவ்வளவு? பத்துக்கு அளக்கும் அளவுகோலில் அரைப் புள்ளி குறைவது புள்ளியியலில் பொருளுடையதாக இருக்கலாம். நோயாளி உணரும் மாற்றத்துக்கு ஏறத்தாழ இரண்டு புள்ளி வேண்டும். இந்தியாவில் நடக்கும் சிகிச்சை ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் முன்கூட்டியே பதிவது 2009 முதல் கட்டாயமாகியிருக்கிறது. தொடங்கும்போது எதை அளப்பதாகச் சொன்னார்கள், முடிவில் எதை எழுதினார்கள் என்று அங்கே யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிசியோதெரபி ஆய்வுகளைத் தரமிட்டுத் தொகுக்கும் பெட்ரோ என்ற தரவுத்தளம் 1999 முதல் சிட்னியிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது.

மாணவர்கள் நம் மாவட்டத்தில் எதை ஆராயலாம்?

கல்லூரி மாணவர்கள் தம் வகுப்புத் தோழர்களையே உட்காரவைத்து, இரண்டு பயிற்சிகளில் எதில் மின்பதிவு கூடுதல் என்று அளந்து ஆய்வேட்டை முடித்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. வெளியே வந்து பாருங்கள். பனையேறும் தொழிலாளி முருக்குத்தடியில் மிதித்து எழும்பி, இரு பாதங்களையும் திளாப்பு என்னும் கால்வளையத்தில் பிணைத்து, மரத்தை நெஞ்சோடு அணைத்து, கால்களை இழுத்துக்கொண்டு பின்பு உதைத்து நிமிர்கிறார். உச்சியில் பாளை சீவி, அக்கானி என்னும் பதநீரை எடுத்துக்கொண்டு அதே மரத்தில் இறங்குகிறார். காலையில் ஏறிய மரத்தில் மாலையிலும் ஏறுகிறார். அந்தத் தோளும் கணுக்காலும் அறுபது வயதில் எப்படி இருக்கின்றன? கரைமடி இழுப்பவர்கள் மணலில் பின்னோக்கிச் சாயும்போது குறுக்கு தாங்குவது எவ்வளவு? ஆடும் வள்ளத்தில் நாள்கணக்கில் நின்றவர் கரையேறியபின் அவருடைய உடல் சமநிலை எப்படி மாறுகிறது? இவற்றுக்கு விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு கைப்பேசிக் கேமராவும், கோணமானியும், தொழிலாளியின் சொல்லை எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் தொடங்குவதற்குப் போதும்.

ஆனால் அவர்களுடைய ஒப்புதலைத் தமிழில், அவர்களுக்கு விளங்கும் சொற்களில் பெற வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் சிகிச்சை நிற்காது என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு முறை, ஆய்வுக்குக் கையெழுத்திட்ட ஒரு மீனவர் அதை மானியப் படிவம் என்று எண்ணியிருந்ததை நான் அறிந்தேன். அந்தக் கையெழுத்தை ஒப்புதல் என்று அழைக்க என் மனம் இடம் தரவில்லை.

எந்த அறிகுறி கண்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்?

பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கம், மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். குறுக்கு வலியோடு சிறுநீர் அல்லது மலம் அடக்க முடியாமற்போவது, கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலம் வேகமாகக் குறைவது ஆகியவை அவசர நிலைகள். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தக்கட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெடுந்தூரம் ஓடியபின் தசை கடுமையாக வீங்கி, சிறுநீர் கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால், சிதைந்த தசையின் பொருட்கள் சிறுநீரகத்தைத் தாக்குகின்றன என்று பொருள். வலி மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுக்காமல் நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், எத்தனை மணி நேரம் ஓடினீர்கள், எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்பதை அங்கே முதலில் சொல்லுங்கள்.